ஈடிபி ஓரத்துப் புல்

1. புல்லும் ஒரு பார்ட்தான்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஹார்ட்டிகல்ச்சர் சூப்பர்வைசராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். குன்றத்தூரில் யாராவது கேட்டால் "கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை" என்று சொல்வேன். அங்கே என்ன வேலை என்று மேலும் கேட்டால் "மெயின்டெனன்ஸ்" என்பேன். புல் வெட்டுவதும் மெயின்டெனன்ஸ்தான் என்பதால் இதில் பொய் எதுவும் கிடையாது.

நான் பி.எஸ்சி. தாவரவியல். இந்தப் படிப்புக்கு ஒரு தொழிற்சாலையில் ஒரு நாற்காலிதான் இருக்கும். அது கேன்டீனுக்குப் பின்னால், மண்வெட்டியும் மருந்தடிக்கும் மெஷினும் வைக்கிற ஷெட்டில் இருக்கும். முதல் நாள் அந்த நாற்காலியைக் காட்டிவிட்டு ஃபெசிலிட்டி மேனேஜர் பாஸ்கர் எனக்கு இன்டக்‌ஷன் கொடுத்தார்.

"மூர்த்தி சார், இங்க நட்டு போல்ட்டுக்கு இன்னா ரூலோ அதேதான் புல்லுக்கும். ஒரே சைஸ், ஒரே கலர். வேரியேஷன் வந்தா அது டிஃபெக்ட். புரியுதா?"

சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தகட்டை அழுத்தி பார்ட் அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் இருந்துவிட்டு முதுகுவலி வந்து ஃபெசிலிட்டிக்கு மாற்றப்பட்டவர் அவர். நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் இருக்கிற எந்தப் பொருளுக்கும் ஒரு டிராயிங் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறவர்.

நானும் அவர் கேட்டபடியே புல்லுக்கு ஒரு எஸ்ஓபி, அதாவது வேலை விதித்தாள், எழுதிக் கொடுத்தேன். உயரம் எத்தனை மில்லிமீட்டர், வெட்டுவது வாரத்துக்கு எத்தனை முறை, நிறம் எப்படி, எல்லாம் அதில் இருந்தது. "வேறு புல் எதுவும் தென்பட்டால் வேரோடு நீக்க வேண்டும்" என்று ஏழாவது வரியில் இருந்தது. அதை எழுதினது நான். அந்த வரியை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

அந்த "வேறு புல்" என்பது பெரும்பாலும் அருகம்புல். கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடச் சொல்லி வாழ்த்துவார்கள். எங்கள் எஸ்ஓபியில் அது களை. ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கு வைக்க அருகம்புல் மாலையை வெளியிலிருந்து வாங்கி வருவார்கள். அதே வாரம் நாங்கள் உள்ளே அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்போம். பத்து வருஷம் இப்படி நடந்தது, ஒருவருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

2. முன்பக்கம், பின்பக்கம்

எங்கள் தொழிற்சாலைக்கு இரண்டு மண். முன்பக்கம் செம்மண் சரளை. தண்ணீர் விட்டால் கீழே இறங்கிவிடும். பின்பக்கம் தாழ்வான இடம், பிசுபிசுவென்று களிமண். அங்கேதான் ஈடிபி இருந்தது. பெயின்ட் ஷாப்பிலிருந்தும் வாஷிங் லைனிலிருந்தும் வரும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடம் அது. சுத்தம் செய்த தண்ணீரை வெளியே விடக்கூடாது, உள்ளேயே செடிக்குப் பாய்ச்ச வேண்டும் என்பது விதி. பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், நீங்கள் வைக்க வேண்டாம்.

புல் நர்சரியிலிருந்து வரும். லாரியில் பாய் பாயாகச் சுருட்டி வரும் அதை ஹைப்ரிட் பெர்முடா என்பார்கள். மெல்லிய இலை, கரும்பச்சை. முன்பக்கம் விரித்தால் ரிசப்ஷன் கார்ப்பெட்டுக்கும் வெளியே இருக்கிற புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்பக்கம் விரித்தால் முதல் மாதம் பச்சை, இரண்டாம் மாதம் மஞ்சள், மூன்றாம் மாதம் தேங்காய் நார். மூன்று முறை விரித்தோம், மூன்று முறையும் இதே கதைதான்.

"தண்ணி பத்தல சார், ஜாஸ்தி விடுங்க" என்பார் பாஸ்கர்.

நான் கன்னியம்மாவிடம் சொல்வேன். கன்னியம்மா எங்கள் தோட்டக் குழுவில் மூத்தவர். வாலாஜாபாத் பக்கம் ஊர். கான்ட்ராக்டர் பெயரில் பதினோரு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரருக்குக் கிட்னி போய், வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அது இஎஸ்ஐ மருத்துவ அட்டையில் நடந்தது. அட்டை கன்னியம்மாவின் வேலையில் நடந்தது. அதனால் காய்ச்சலோ மழையோ, கன்னியம்மா லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

"சார், ஊத்த ஊத்தத்தான் சாவுது" என்றார் ஒரு நாள். "ஒரு மழ வுட்டப்புறம் பாருங்க, கொஞ்சம் தல தூக்கும். மறுக்கா இந்தத் தண்ணிய வுட்டா படுத்துக்கும்."

சரியான கவனிப்பு. நான் தலையாட்டிவிட்டு வால்வைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும் அல்லவா. போகிற போக்கில் ஜிப்சம் வாங்கிப் போட்டேன், உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போடலாம் என்று படித்திருக்கிறேன்.

நாலாவது முறை பாய் விரித்துக் கொஞ்ச நாளில் அது வழக்கம்போல் மஞ்சளானது. ஆனால் அதற்கப்புறம், ஈடிபி ஓரத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை வர ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. மாத ரிப்போர்ட்டில் "ஜிப்சம் ட்ரீட்மென்ட் நல்ல பலன்" என்று எழுதினேன். பாஸ்கர் என் தோளில் தட்டினார். குனிந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை, அவ்வளவுதான்.

3. ஐந்து ஏன்

பிறகு கஸ்டமர் ஆடிட் வந்தது. வந்தவர்கள் ஷாப்பைப் பார்த்தார்கள், ஸ்டோரைப் பார்த்தார்கள், ஈடிபியைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் புல்லைப் பார்த்தார். முன்பக்கத்தை ஒரு போட்டோ, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பச்சை. ரிப்போர்ட்டில் அது ஒரு குறைபாடாக ஏறிவிட்டது.

தொழிற்சாலையில் குறைபாடு வந்தால் ஃபைவ் ஒய் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. நான் போய் முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். அருகம்புல். அத்தனையும் அருகம்புல்.

குழுவைக் கூப்பிட்டு, "யாரு வெச்சது இதை?" என்று கேட்டேன்.

"நான்தான் சார்" என்றார் கன்னியம்மா. "இன்னா சார், நல்லா வந்துகீதா?"

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நான் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"எங்க ஊரு கழனி வரப்பு சார். அந்தப் பக்கம் உப்பு பூத்துக் கெடக்கும். நெல்லே வராது, இந்தப் புல்லு மட்டும் நின்னுகினே இருக்கும். அங்க நிக்கிறது இங்க நிக்காதான்னு சாப்பாட்டுக் கூடையில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாந்து ஊனேன்."

"செக்யூரிட்டி ஒண்ணும் கேக்கலயா?"

"போவும்போதுதான் சார் பைய நோண்டுவாங்க. வரும்போது எவன் பாக்குறான்?"

இது உண்மை. எங்கள் கேட்டில் நட்டு திருடிக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பார்களே தவிர, யாராவது எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள் என்று யாரும் யோசித்ததில்லை. வேலை செய்கிற இடத்துக்குத் தன் வீட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளுக்கு எங்களிடம் விதியே இருக்கவில்லை.

நான் ஷெட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பினேன்.

ஏன் இரண்டு நிறம்? வேறு புல் கலந்துள்ளது. ஏன் கலந்தது? ஊழியர் ஒருவர் அனுமதியின்றி நட்டுள்ளார். ஏன் நட முடிந்தது? புல் வெளியிலிருந்து உள்ளே வந்தது. ஏன் வந்தது? உணவுக் கூடையில் எடுத்துவரப்பட்டது. ஏன் தடுக்கப்படவில்லை? உள்ளே வரும் பைகள் சோதிக்கப்படுவதில்லை.

பாஸ்கர் படித்துவிட்டு, "ஊழியர்னு போட்டா எப்படி? பேர் போடுங்க சார்" என்றார்.

"பேர் வேணுமா சார்? அந்தம்மா நல்லதுக்குத்தான்..."

"பேர் இல்லாம ஆக்‌ஷன எப்படி க்ளோஸ் பண்றது? ஒண்ணும் ஆவாது. கூப்ட்டு ட்ரெய்னிங் குடுப்பாங்க, அவ்ளோதான்."

நான் பெயரை எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் காலை ஷிப்டில் கன்னியம்மா போன் செய்தார். "சார், கேட்டுல கார்டு வெச்சா செவப்பு லைட்டு எரியுது." பார்க்கிறேன், இருங்கள் என்றேன். ஹெச்ஆரில் கேட்டால், அனுமதியில்லாத பொருளை உள்ளே கொண்டுவந்ததற்காக கேட் பாஸ் ப்ளாக் என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். நான் கேட்டுக்கு வரும்போது பதினொரு மணி. பைக் ஸ்டாண்ட் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அட்ட எத்தினி மாசம் செல்லும் சார்?"

கட்டின சந்தா கணக்குக்குச் சில மாதம் செல்லும், அதற்குள் வேறு எங்காவது சேர்ந்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். அன்றைக்குச் சாயங்காலம்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து இறங்கியது.

4. கட்டைவிரல்

படிவத்தின் ஆக்‌ஷன் கட்டத்தில் இரண்டாவது வரி, அன்னியப் புல்லை முழுக்க நீக்குவது. மற்றவர்கள் பிடுங்கினார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. ஐந்தாவது முறையாக ஹைப்ரிட் பாய் விரித்தோம். மூன்று மாதத்தில் தேங்காய் நார். அந்த நாருக்கு நடுவில், பிடுங்கினபோது மண்ணுக்குள் அறுந்துபோன தண்டிலிருந்து, அருகம்புல் மறுபடி தலையை நீட்டியது.

அந்த நுனியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் உறவுக்காரப் புல்தான். பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்று ஐந்து முறை செத்தது, இன்னொன்றைக் கொல்ல முடியவில்லை. கல்லூரியில் இதற்கு ஒரு விளக்கம் படித்தோமே என்று எங்கேயோ தட்டியது. எனக்கு மறந்துபோயிருந்தது, ஆனால் யாருக்கு மறந்திருக்காது என்று தெரியும்.

ஜெயசீலி என் வகுப்பில் படித்தவள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வேர் நுனி கொண்டா. காலையில எட்டு மணிவாக்குல எடு, அப்பதான் செல்லு பிரிஞ்சுகிட்டு இருக்கும். எடுத்த உடனே நான் குடுக்கிற மருந்துல போடு. சாயங்காலம் எடுத்துட்டு வந்து நிக்காதே" என்றாள்.

மூன்று பாட்டில். ஒன்று, நர்சரி ஹைப்ரிட். இரண்டு, முன்பக்கம் தானாக முளைத்த அருகம்புல். மூன்று, ஈடிபி ஓரத்தில் தப்பின கன்னியம்மா புல். வாலாஜாபாத் வழியாக பஸ்ஸில் எடுத்துப் போனேன். நுனியை ஆசிட்டில் இளக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டு வைத்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். குறைவாக அழுத்தினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கூடுதலாக அழுத்தினால் கண்ணாடி உடையும். நான் நாலு கண்ணாடி உடைத்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது, சின்னச் சின்னக் குச்சிகள். குரோமோசோம். புல்லுக்கு ரொம்பப் பொடிசு. எண்ணினேன், இருபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினேன், இருபத்தெட்டு.

"நகரு" என்றாள் ஜெயசீலி. பல ஸ்லைடு பார்த்துவிட்டுச் சொன்னாள். நர்சரிப் புல்லுக்கு இருபத்தேழு. அருகம்புல் இரண்டுக்கும் முப்பத்தாறு.

அவள் விளக்கினது இதுதான். இந்தப் புல் குடும்பத்துக்கு ஒரு செட் என்றால் ஒன்பது. பதினெட்டு இருக்கிற ஒரு புல்லையும் முப்பத்தாறு இருக்கிற ஒரு புல்லையும் கலந்து செய்தது ஹைப்ரிட். மூன்று செட் என்பதால் விதைக்குச் சமமாகப் பங்கு பிரிக்க முடியாது. அதனால் விதையே கட்டாது. ஒரே தாயிடமிருந்து வெட்டி வெட்டி நட்டதுதான் நாட்டில் இருக்கிற அத்தனை பாயும். எல்லாம் ஒரே செடி, ஒரே குணம். நல்ல மண் கொடுத்தால் ராஜா. ஒத்துவராத மண்ணில் ஒன்று செத்தால் அத்தனையும் சாகும். அருகம்புல்லுக்கு நாலு செட். விதை கட்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி முளைக்கும். ஒரு செட்டில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம்.

"அப்ப முப்பத்தாறு இருந்தா எந்த மண்ணுலயும் நிக்கும். அதானே?" என்றேன்.

"இப்படி அவசரப்பட்டுத்தான் நீ பார்டர்ல பாஸ் பண்ணே" என்றாள். "எண்ணிக்கை, வாய்ப்புதான் குடுக்கும். பொறுக்கி எடுக்கிறது மண்ணு. அந்த உப்பு வரப்புல நிக்க முடியாததெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. மிச்சம் நின்னதைத்தான் அந்தம்மா கூடையில எடுத்துட்டு வந்திருக்காங்க. உன் கம்பெனி முன்பக்கம் இருக்கிற முப்பத்தாறும் அதுவும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதே. வெச்சுப் பாரு."

கிளம்பும்போது, "அந்தம்மா இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். வேலையில் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

5. டாலரன்ஸ்

ஒன்பது ட்ரே வைத்தேன். மூன்று புல், மூன்று மண். செம்மண், வெறும் களிமண், ஈடிபி ஓரத்து மண். ஈடிபி மண்ணுக்கு மட்டும் ஈடிபி தண்ணீர். லேபிள் ஒட்டி, ஷெட்டுக்கு வெளியே வரிசையாக வைத்தேன். ட்ரயல் லாட் என்று எழுதி வைத்ததால் தொழிற்சாலையில் யாரும் தொடவில்லை. பூந்தொட்டி என்று எழுதியிருந்தால் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

செம்மண்ணில் ஹைப்ரிட்தான் அழகு. அதை மறைக்கக் கூடாது. களிமண்ணில் அருகம்புல் இரண்டும் முந்தின. ஈடிபி மண்ணில் ஹைப்ரிட் செத்தது, முன்பக்கத்து அருகம்புல் சாகாமல் மஞ்சளாக இழுத்துக்கொண்டு கிடந்தது, கன்னியம்மா புல் ட்ரேயின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்து ட்ரேக்குள் வேர் விட்டது.

பாஸ்கரைக் கூட்டிவந்து காட்டினேன். எண்களையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தேழு. டாலரன்ஸ் எவ்ளோ?"

"டாலரன்ஸ் கிடையாது சார். இருபத்தேழுன்னா இருபத்தேழுதான்."

"ப்ளஸ் ஆர் மைனஸ் ஒண்ணுகூட கிடையாதா?"

"கிடையாது சார்."

அவர் ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "நம்ம பிரஸ் ஷாப்புல இது முடியாது" என்றார். அந்தப் புல்லின் மேல் அவருக்கு மரியாதை வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்பக்கத்துக்குத் தனி எஸ்ஓபி போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அடுத்த ஆடிட்டில் அது "மண்ணுக்கேற்ற புல் தேர்வு" என்று நல்ல பாயின்டாக ஏறியது. பின்பக்கம் முழுக்க அருகம்புல் பரவியது.

புல்லுக்கு அப்ரூவல் வந்தது, ஆளுக்கு வரவில்லை. ப்ளாக் செய்ய ஒரு பட்டன் இருந்தது, திறக்க மூன்று கையெழுத்து வேண்டும் என்றார்கள். பாஸ்கர் முதல் கையெழுத்தைப் போட்டார், தயங்கவில்லை. மற்ற இரண்டு மேஜையில் ஃபைல் போய்ப் போய்த் திரும்பியது. ப்ளாக்குக்கு ஆதாரமாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என் படிவம் இருந்தது. தெளிவான எழுத்தில், ஐந்து ஏன், ஒரு பெயர். அது தவறு என்று நானே இன்னொரு படிவம் எழுதிக் கொடுத்தேன். முதல் படிவம் ஆடிட்டில் க்ளோஸ் ஆகிவிட்டது, க்ளோஸ் ஆனதைத் திறக்க வழியில்லை என்றார்கள். இதற்குள் தோட்டக் கான்ட்ராக்டரே மாறிவிட்டார். புதியவருக்குக் கன்னியம்மா யாரென்றே தெரியாது. அவருடைய பழைய நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

6. மேம்பாலத்துக்குக் கீழே

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரகடம் ஜங்ஷனில் மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பச்சை ஜாக்கெட் போட்ட பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் கன்னியம்மா.

என்னைப் பார்த்துவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அவரே வந்தார்.

"நல்லா கீறீங்களா சார்?"

இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை. அட்டை முடிய ஒரு வாரம் இருந்தபோது சேர்ந்தாராம். வீட்டுக்காரர் வாரம் இரண்டு தடவை போய்க்கொண்டு வந்துகொண்டு இருக்கிறாராம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. உடனே அவர் அடுத்ததைச் சொன்னார்.

"அங்கயும் ஈடிபி கீது சார். அங்கயும் அதே பாய்ப் புல்லுதான் போட்டுகீறாங்க. ரெண்டு மாசமாவுது, மஞ்சளா போய்க்கினு கீது. தண்ணி ஒழுங்கா வுடறதில்லன்னு என்னத்தான் கேக்குறாங்க."

"அந்தப் புல்லு அங்க நிக்காதும்மா. நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நான் வாயே தொறக்கல. செத்தா, தண்ணி ஊத்தலன்னு எழுதுவாங்க. எங்க ஊரு புல்ல எடுத்தாந்து வெச்சா, திருட்டுத்தனமா வெச்சேன்னு எழுதுவாங்க. நான் எப்படிப் போனாலும் எழுதத்தான் போறாங்க."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன். மண்ணு, புல்லு, ட்ரயல் ரிசல்ட்டு எல்லாம் போட்டு..."

"வேணாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடப் போகிற ஆளிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "நீங்க எழுதாதீங்க. வந்து சொல்லுங்க."

மறுநாள் லீவு போட்டேன். ஈடிபி மண் ட்ரேயில் இரண்டை, செத்ததை ஒன்றும் நின்றதை ஒன்றும், எங்கள் கேட்டில் முறைப்படி பாஸ் போட்டு வெளியே எடுத்து, அவர்கள் கேட்டில் முறைப்படி பாஸ் போட்டு உள்ளே எடுத்துப் போனேன். அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு இன்ஜினீயர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, முப்பது வயதிருக்கும். ட்ரேக்களை மேஜையில் வைத்ததும் என்னை நர்சரிக்காரன் என்று நினைத்துவிட்டார்.

"இல்ல தம்பி, நான் விக்க வரல. எங்க கம்பெனியில இதே ஈடிபி ஓரத்துல இதே புல்லு அஞ்சு தடவை செத்துச்சு. எந்தப் புல்லு நிக்கும்னு கண்டுபிடிச்சது இந்தம்மாதான். நான் அதப் புரிஞ்சுக்காம இவங்க பேர எழுதிக் குடுத்தேன். அதனாலதான் இவங்க வேலை போச்சு."

கன்னியம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினீயர் இரண்டு ட்ரேயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், விரலால் மண்ணைக் கிளறினார். நான் எண்களைச் சொன்னேன், உப்பு வரப்பைச் சொன்னேன். அவர் டாலரன்ஸ் கேட்கவில்லை.

"சரி அண்ணாச்சி, வச்சுப் பாத்துருவோம்" என்றார். "ஆனா எங்க மேனேஜர்ட்ட நான் வாயால சொன்னா எடுபடாது. நீங்க சொன்னத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கதவை விட்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில், என் வலது கைக்கு அருகில் நின்றுகொண்டார்.

"எழுதுங்க சார். ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டிக்கினே எழுதுங்க."

எழுதினேன், படித்தேன். தொழிற்சாலையின் பெயர், இடம், மண். முதல் புல் ஐந்து முறை காய்ந்தது. தோட்டப் பணியாளர் கன்னியம்மா உப்பு வரப்பிலிருந்து அருகம்புல் கொண்டுவந்து நட்டார். அந்த வரியைப் படித்ததும் அவர் மேஜைமேல் விரலை வைத்தார்.

"நட்டாங்கன்னு மட்டும் வுட்டுட்டீங்களே சார். ஏன் நட்டேன்னு போடுங்க."

அந்தக் கேள்வியை நான் அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை. ஐந்து ஏன் எழுதினேன், அதில் இது இல்லை. அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை தோட்ட வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் நான் சொன்ன ஒரே பாடம் இதுதான். அன்றைக்கு என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பேனாவைப் பிடித்தபடி, "ஏன்மா நட்டீங்க?" என்று கேட்டேன்.

"தெனம் நானே தண்ணிய ஊத்தி நானே சாவடிச்சுக்கினு இருந்தேன் சார். பாக்கப் பொறுக்கல."

அதை அப்படியே எழுதினேன். இன்னொரு முறை முழுக்கப் படிக்கச் சொன்னார், படித்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.